இவருக்குத் தடிப்பு வந்த நாட்கள்

ஜூன் 29, சனி

தோல் டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். முதல் பக்கத்தில் விவரம் வேண்டுமாம். நோயாளி: பூல்பாண்டி, வயது 47, மின்வாரியத்தில் லைன்மேன். எழுதுபவர்: மனைவி செண்பகவல்லி. வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். உடம்பு அவருடையது, நோட்டு என்னுடையது. இதுதான் எங்கள் வீட்டு நியாயம்.

புதன்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. முதலில் இடுப்பில், பெல்ட் போடும் இடத்தில் நாலைந்து தடிப்பு. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தோம். அரை மணி நேரத்தில் முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாகப் பொங்கிவிட்டது. சொறியச் சொறியச் சிவந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதுகு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. வியாழன் தொடையில், வெள்ளி கழுத்தில். இன்று டாக்டரம்மா முன்னால் சட்டையைக் கழற்றினால் ஒன்றுகூட இல்லை. இவர் கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருக்கிறார், பொய் சொல்லிக் கூட்டிவந்தவள் மாதிரி நான் நிற்கிறேன். நல்லவேளை, செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

இது ஒவ்வாமைத் தடிப்பு, காரணம் கிடைத்தாலும் கிடைக்கும், பலருக்குக் கடைசிவரை கிடைக்காது என்றார். வெந்நீர்க் குளியல் கூடாது. ஊறினால் சொறியாமல் ஈரத்துணியை நனைத்துப் போட வேண்டும். தொளதொளவென்று பருத்தி உடுப்பு, ஒட்ட வெட்டிய நகம், கேலமைன் லோஷன், தினம் ஒரு மாத்திரை. கம்பம் ஏறுகிறவர் என்பதால் தூக்கம் வராத மாத்திரையாகக் கொடுத்தார். உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் வீட்டில் ஒரு நிமிடம் உட்காராதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்டது, குடித்தது, உடுத்தியது, பூசியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்.

குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “விட்டு இன்னையோட பத்தொம்பது நாளாச்சு டாக்டரம்மா. யாரும் சொல்லி இல்ல. நானா விட்டேன்” என்றார். டாக்டரம்மா பாராட்டினார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று: காபி. இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, புளிக்குழம்பு, அவரைக்காய். சாயங்காலம் கடலைமிட்டாய் இரண்டு. ஏழு மணிக்கு இடது தோளில் தடிப்பு, ஒரு மணி நேரம்.

ஜூன் 30, ஞாயிறு

கடலைமிட்டாய்தான் காரணம் என்று முடிவு கட்டி டப்பாவையே பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலைமிட்டாய் ஆகாது என்றால் எப்படி என்று இவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். டப்பாவை வாங்கிக்கொண்ட அக்கா, இது சத்தியமாகக் காணாக்கடி, ஏதோ பூச்சி கண்ணுக்குத் தெரியாமல் கடித்திருக்கிறது, வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்னக் கொடு என்றாள். அதோடு விடாமல் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து இவர் முதுகில் பரபரவென்று தேய்த்தாள். இரண்டு தடிப்பு இருந்த இடத்தில் இருபது வந்தது. விஷம் வெளியே வருகிறது, நல்லதுதான் என்றாள். ஈரத்துணி போட்டபிறகுதான் அடங்கியது.

காபி. தோசை. கோழிக்குழம்பு. வெற்றிலை, மிளகு.

ஜூலை 1, திங்கள்

சோப்பை மாற்றினேன். துணி துவைக்கும் பவுடரை மாற்றினேன். யூனிபார்ம் சட்டையை மூன்று தண்ணீரில் அலசினேன். தலையணை உறையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டேன். இத்தனைக்கும் நடுவே ஆறு பிளவுஸ் வெட்டினேன்.

இவர் ஆறரைக்கே எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாலை வைக்கப் பார்த்தார். குடியை விட்டதிலிருந்து இந்தப் புதுப் பழக்கம், பெண்டாட்டிக்கு உதவுவது. நான் போய் டம்ளரைப் பிடுங்கினேன். என்னத்துக்கு இந்த வெடுக்கு என்று கேட்டார். உங்கள் காபி வாயில் வைக்க விளங்காது என்றேன்.

காபி. இட்லி. தடிப்பு: மதியம் இரண்டு மணிக்கு வயிற்றில், சாயங்காலம் முழங்கைக்குள்.

ஜூலை 2, செவ்வாய்

தடிப்பு இல்லை. கத்தரிக்காய் சாப்பிட்டும் இல்லை, கருவாடு சாப்பிட்டும் இல்லை. ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

இந்தப் பக்கம் டாக்டரம்மாவுக்கு இல்லை. காட்டும் முன் கிழித்துவிட வேண்டும்.

ஒன்றுவிடாமல் எழுது என்றார். ஒன்றை விட்டுவிட்டேன். காபி காபி என்று நான் எழுதுவது வெறும் காபி இல்லை. அதில் இரண்டு சிட்டிகை பொடி இருக்கிறது. ஜூன் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கலக்குகிறேன். இன்றோடு இருபத்தாறு நாள்.

கிழக்கே ஒரு ஊரில் பொடிக்காரர் ஒருவர் இருக்கிறார். என்னிடம் பிளவுஸ் தைக்க வரும் ஒருத்தி சொல்லித்தான் போனேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், காலையில் வெறும் வயிற்றில் கொடு, அப்புறம் அவன் சாராய வாடை பட்டாலே ஓடிவிடுவான் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. குடிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. அவனுக்குத் தெரிந்தால் அந்த நிமிடமே பொடி செத்துப்போகும், திரும்ப எத்தனை மண்டலம் கொடுத்தாலும் பிடிக்காது. அவனுக்கு மட்டும் இல்லை, ஒரு குஞ்சு குருமானுக்கும் தெரியக் கூடாது.

என்னைத் திட்டுகிறவர்கள் மாசி மாதம் என் வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும். இவர் குடித்துவிட்டுக் கம்பம் ஏறினார். எந்த லைனை அணைத்தோம் என்றே நினைவில்லை. கை வெந்து பத்தடி உயரத்திலிருந்து விழுந்தார். கீழே மணல் கொட்டியிருந்ததால் பிழைத்தார். மூன்று மாதம் வேலை இல்லை. திரும்பச் சேரும்போது, இன்னொரு தடவை வாடை வந்தால் வேலையும் இல்லை, கம்பத்துக்கு மேலே போனால் ஆளும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சேர்ந்த முதல் வாரமே குடித்துவிட்டு வந்தார். மறுநாள்தான் நான் பஸ் ஏறினேன்.

பொடி கொடுத்த மூன்றாம் நாள் குடியை விட்டார். நானாக விட்டேன், நானாக விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லிக்கொள்ளட்டும். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. இன்னும் இருபத்திரண்டு நாள்தான். ஜூலை இருபத்தாறு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும்.

ஆனால் இந்தத் தடிப்பு பொடியால் வருகிறதா? அப்படியென்றால் முதல் பதினேழு நாள் ஏன் வரவில்லை? செவ்வாய்க்கிழமை ஏன் வரவில்லை? பொடி உள்ளே போன அன்றும் உடம்பு சுத்தமாகத்தானே இருந்தது?

ஜூலை 5, வெள்ளி

இன்று பொடி கலக்கவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றுதான். நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்தேன். கைக்குழி வெட்டும் இடத்தில் கழுத்தை வெட்டிவிட்டேன், ஒரு நல்ல பட்டுத்துணி பாழ்.

சாயங்காலம் இவர் வரும்போதே இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தடிப்பு. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்புமாக வந்துவிட்டது. பொடி இல்லாத நாளிலும் வருகிறதே! என்ன சிரிக்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். ஈரத்துணி நனைத்துப் போட்டேன், லோஷன் தடவினேன். இவ்வளவு அன்பாக நான் லோஷன் தடவியதே இல்லை.

ஜூலை 6, சனி

(கிழிக்க வேண்டிய பக்கம்.) இன்னும் ஒரு சோதனை. காலையில் இவர் காபியில் இரண்டு சிட்டிகை, என் காபியிலும் இரண்டு சிட்டிகை. வாயில் மண் கரைந்த மாதிரி இருந்தது. இதையா இருபத்தேழு நாளாக ஒரு வார்த்தை சொல்லாமல் குடிக்கிறார் என்று நினைத்தேன். நேற்றுக் கொடுக்கவில்லையே, இருபத்தேழுதானா, இருபத்தெட்டா? எனக்கே கணக்குக் குழம்புகிறது.

எனக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அப்படியென்றால் பொடி நல்ல பொடிதான்.

இவருக்கு மதியமும் சாயங்காலமும் வந்தது. அவரைக்காய் சாப்பிட்டிருந்தார். அவரைக்காய்க்குக் கீழே இரண்டு கோடு போடுகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஊசி நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பொடிக்காரரிடம் போய் வந்தேன். பொடியால் ஊறல் வருமா என்று கேட்டேன். அவர் சந்தேகமே படவில்லை. இத்தனை வருஷக் குடி ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறதே, அது தோல் வழியாகத்தான் வெளியேறும், வராவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் விட்டுப்போனதைச் சொன்னதும்தான் முகம் மாறியது. நடுவில் அறுந்துவிட்டதாம். மீதி நாளுக்கு நாலு சிட்டிகையாகப் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடுமாம்.

டாக்டரம்மா காரணம் தெரியாது என்கிறார். பொடிக்காரர் தெரியும் என்கிறார். தெரியும் என்கிறவர் பேச்சைக் கேட்டால் பஸ்ஸில் திரும்பி வரும்போது கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

ஜூலை 10, புதன்

காபி. உப்புமா. தடிப்பு: நெற்றி, காது மடல், உள்ளங்கை. உள்ளங்கையில் வந்தது இதுதான் முதல் தடவை.

ஜூலை 13, சனி

போன வாரத்து வியாழன், வெள்ளிப் பக்கங்களையும் சனிக்கிழமைப் பக்கத்தின் மேல் பாதியையும் கிழித்தெடுத்துத் துணி மூட்டைக்குள் வைத்துவிட்டு, நோட்டைக் கொண்டுபோனேன். பொடிக்காரரிடம் போன நாளின் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். என் கையெழுத்தை டாக்டரம்மா பாராட்டினார். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். அவரைக்காய்க்குக் கீழே போட்ட இரண்டு கோட்டைப் பார்த்துச் சிரித்தார். எந்தச் சாப்பாட்டோடும் இது பொருந்தவில்லையே என்றார்.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இதுல எழுதாம எதுவும் விட்டுப் போச்சாம்மா? நாட்டு மருந்து, லேகியம், சூரணம், பொடி, அந்த மாதிரி?”

எனக்கு முன்னால் இவரே முந்திக்கொண்டு, அதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது, இவள் ரொம்பச் சுத்தம் என்றார். அவர் சொன்ன பிறகு நான் என்ன சொல்வது? “இல்ல டாக்டரம்மா” என்றேன்.

மாத்திரையை இரண்டு வேளையாக ஆக்கினார். வெளியே வந்ததும் இவர் எனக்குப் பூ வாங்கித் தந்தார். முப்பத்துமூன்று நாளாகிவிட்டதாம், அதற்காக. தலையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள்

தடிப்பு. எந்த இடம் என்று எழுதி அலுத்துவிட்டது. எல்லா இடமும்.

ஜூலை 17, புதன்

இன்று ஆடி ஒன்று. பாயசம் வைத்தேன். இவர் சாப்பிட உட்காரவில்லை. வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டு வெறும் வேட்டியோடு பனியன்கூட இல்லாமல் நின்றார். அதுவும் ஜெபமணி அக்காவின் யோசனைதான். ஏற்கெனவே சொறிந்து தோல் உரிந்த இடத்தில் எரிச்சல் தாங்காமல் பம்படிக்கு ஓடினார். பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். அதன்பின் கொஞ்சம் இளைப்பாறினார்.

அப்போது சாதாரணமாகத்தான் சொன்னார். மத்தியானம் கம்பத்தின் மேலே இருக்கும்போது ஊறியதாம். பொறுக்க முடியாமல் ஒரு கையை விட்டுச் சொறிந்தாராம். கீழே நின்றவர்கள் கத்தினார்களாம்.

குடித்தால் விழுவார் என்றுதான் பொடி கொடுத்தேன். இப்போது சொறிந்தாலும் விழுவார் போலிருக்கிறது. நாளைக்கு லீவு போடச் சொன்னேன், முறைத்தார். இந்த மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை, அதையும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

(இதையும் கிழிக்க வேண்டும்.) இன்று முப்பத்தொன்பதாம் நாள். இன்னும் ஒன்பது. நிறுத்தினால் குடி திரும்பி வரும். கொடுத்தால் இது. பொடிக்காரர் சொன்னது நிஜமாக இருந்தால் ஒன்பது நாளில் இரண்டும் தீர்ந்துவிடும். நிஜம் இல்லாவிட்டால்? யாரிடமும் கேட்கக்கூட முடியாது. கேட்டால் செத்துப்போகும் பொடியாமே இது.

ஜூலை 18, வியாழன்

மூன்று சிட்டிகை போட்டேன். நாலுக்கும் மனசு வரவில்லை, இரண்டுக்கும் மனசு வரவில்லை.

ஜூலை 20, சனி

பெரியாஸ்பத்திரி. உயிர் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல் எந்தப் பக்கத்தையும் கிழிக்கப் போவதில்லை. கிழித்ததையும் கோந்து தடவி ஒட்டிவிடுவேன்.

நேற்றுக் காலை ஏழு மணிக்குக் காபி கொடுத்தேன். ஏழரைக்குக் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தவர், வல்லி, என் வாயைப் பார் என்று கூப்பிட்டார். மேலுதடு பக்கவாட்டில் உப்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழுதடும் ஏறியது. சிரிக்கப் பார்த்தார். குரல் மாறிவிட்டது, யாரோ தொண்டைக்குள் துணியை அடைத்த மாதிரி. டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னது ஒன்றுதான் அப்போது என் தலையில் இருந்தது. நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவைப் பிடித்தேன். ஆட்டோவில் அவர் மூச்சு விசில் அடித்தது. என் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கையால்தான் கலக்கினேன்.

உள்ளே போனதும் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்சிஜன் மூடி வைத்தார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். என்னைத் திரும்பிப் பார்த்து, புதிதாக என்ன சாப்பிட்டார், மாத்திரையா, மருந்தா, சீக்கிரம் சொல்லுங்கள் என்று கேட்டாள். கட்டிலில் இவர் கண் இரண்டும் வீங்கிக் கோடாக இருந்தது. அந்தக் கோட்டின் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் இருந்தாள், பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். நாற்பத்திரண்டாம் நாள். இன்னும் ஆறுதான்.

“பொடி” என்றேன். “குடிய நிறுத்துற பொடி. இவருக்குத் தெரியாம நாந்தான் காபில கலந்து குடுத்தேன். இப்ப பத்து நாளா கூடுதலாப் போட்டேன்.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுதிக்கொண்டு, இன்னொரு மருந்து ஏற்றச் சொன்னாள். பத்து மணிக்கு மூச்சு சரியானது. மதியம் உதடு பாதி இறங்கியது.

நேற்று முழுக்க இவர் என்னிடம் பேசவில்லை. விஷம் வைத்தாயா என்று கேட்பார், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. இன்று காலையில் கஞ்சி கொடுக்கப் போனேன். டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னைக்கிலருந்து குடுத்த?”

“ஜூன் ஒம்பது.”

ஒவ்வொரு விரலாக மடக்கினார். “நான் விட்டது பதினொண்ணு. அன்னைக்குச் செவ்வாக்கெழம. கடை வாசல் வரைக்கும் போனேன் வல்லி. வரிசையில நின்னேன். எனக்கு முன்னால ரெண்டே பேரு. என்னமோ தோணுச்சு, திரும்பி வந்துட்டேன். அதத்தான் நெனச்சு நெனச்சு இத்தன நாளும் ஓட்டுனேன்.” மடக்கின விரல்களை விரித்தார். “அப்ப நான் விடலையா?”

நீங்கள்தான் விட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பத்திரண்டு நாளாகப் பொய் சொன்ன வாய். அது சொன்னால் அவர் நம்புவாரா? அவர் நம்புவது போகட்டும், எனக்கே தெரியாதே. நான் இத்தனை நாளாகப் பொடிக்குத்தானே நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்? வரிசையில் நின்று திரும்பி வந்த மனுஷனை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும், பொடி திருப்பிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

கஞ்சியைக் குடிக்காமலே கொடுத்துவிட்டார். வெளியே வந்து அழுதேன். இவ்வளவு அழுததில்லை.

ஜூலை 23, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. முழங்கையில் இன்னும் இரண்டு தடிப்பு வந்து போகிறது. தோல் டாக்டரம்மாவிடம் ஒட்டின நோட்டையும் மிச்சப் பொடியையும் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார். இதில் என்ன இலை இருக்கிறது, என்ன மாத்திரையை இடித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அநேகமாகத் தடிப்புக்கு இதுதான் காரணம், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். ஒரு நாள் விட்டால் மறுநாளே நிற்கிற சமாசாரமும் இல்லை, அடங்க வாரக்கணக்கில் ஆகும், உங்களுக்கு வராதது அவருக்கு வரலாம் என்றார். என் இரண்டு சோதனையும் அவுட்டு. குடியை விட வைத்தியம் இருக்கிறது, ஆனால் குடிக்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து எடுக்கிற வைத்தியம் என்றும் சொன்னார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார், அடித்திருந்தால் தேவலை.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்தப் பொடிக்குக் குடியை நிறுத்துகிற சக்தி இருக்கிறதா?

தெரியாது என்றார் டாக்டரம்மா. இவர் முகம் விழுந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லித்தான் இந்த இடத்துக்கே வந்திருக்கிறோம்.

ஜூலை 24, புதன்

குடியை விட்டு எத்தனை நாளாச்சு தம்பி என்று ஜெபமணி அக்கா வழக்கம்போலக் கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

காபி: அவரே போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு டம்ளர் வைத்திருந்தார்.

ஜூலை 25, வியாழன்

ஃபோர்மேன் தங்கப்பழம் அண்ணன் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். நாளை மதியம் தோட்டத்தில் விருந்து. ஆட்டுக்கறியும் இருக்கும், மற்றதும் இருக்கும். போகிறீர்களா என்று கேட்டேன். போகிறேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 26, வெள்ளி

இன்று நாற்பத்தெட்டாம் நாளாக இருந்திருக்க வேண்டியது.

காலையில் தடிப்பு இல்லை. மெல்லிய கதர்ச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பன்னிரண்டு மணிக்குப் போனார்.

அதற்கப்புறம் என்னால் ஒரு தையல் போட முடியவில்லை. கூட வேலை பார்க்கிறவர் ஒருவருக்குப் போன் போட்டு, இவர் கையில் என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். நம்பரை அழுத்தினேன், மணி அடிக்கும் முன் நிறுத்தினேன். இன்னொரு தடவை இவருக்குத் தெரியாமல் ஒன்று செய்யக் கூடாது. இரண்டு மணிக்கு அப்படி நினைத்தேன். மூன்று மணிக்கு, குடித்தாலும் பரவாயில்லை, நாளைக்குக் கம்பம் ஏறாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். நாலு மணிக்கு எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்றே தெரியவில்லை. தெருவில் அம்மன் கோயில் கூழுக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

ஐந்தரைக்கு வந்தார். முன்னெல்லாம் விருந்துக்குப் போய் வந்தால் என் பக்கமே திரும்பாமல் நேரே பம்படிக்குப் போய் வாய் கொப்பளிப்பார். இன்று செருப்பைக் கழற்றியதும் நேரே மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. குடித்திருக்கிறாரா, அழுதிருக்கிறாரா, வெயிலா, ஒன்றும் தெரியவில்லை.

“ஊதிக் காட்டுறேன். பாரு” என்றார்.

அதெல்லாம் வேண்டாம், எனக்கு நம்பிக்கை இருக்கிறது, உட்காருங்கள், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றேன்.

“நம்பிக்கை வேண்டாம். நீ பாக்கணும். ஆறு நாளா எதுவும் கலக்கலல்ல?”

“இல்ல.”

“இன்னைக்குக் காலைல?”

“இல்லங்க. நீங்கதான காபி போட்டீங்க.”

“அப்ப பாரு. இன்னைக்கு வாடை இருந்தா அது நான். இல்லைன்னாலும் நான்.”

எழுந்து நின்றேன். குனிந்து முகத்துக்கு நேரே ஊதினார். ஆட்டுக்கறி, பட்டை, கிராம்பு, பீடா. இன்னும் கிட்டப் போய் மோந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த அந்த வாடை எங்கேயும் இல்லை.

“இல்ல” என்றேன்.

“சத்தமாச் சொல்லு.”

“நீங்க குடிக்கல” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

ஜெபமணி அக்கா கூழ்ச் சொம்போடு வாசலில் வந்து நின்று, என்ன சத்தம், என்ன ஆச்சு என்று பதறினாள்.

“ஒரு நாளாச்சு” என்றார் இவர்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.